நீ விற்கச் சொன்ன வேகன்

அன்புள்ள கண்ணு,

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பெருமை தராத இடங்களையும் விடப் போவதில்லை. உன் அப்பா பேசியதை அவர் பேசிய மாதிரியே எழுதுவேன். அவர் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை. இன்று சனிக்கிழமை. மாலையில் ஃபோர்ட் வொர்த்திலிருந்து ஒரு நர்ஸ் வந்து உன் காரை, அந்த வேகனை, ஓட்டிக்கொண்டு போகப் போகிறாள். நீ விற்கச் சொன்னாய், விற்கிறோம். அது எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்பதை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் சமையலை முடித்துவிட்டு, காப்பெல் நூலகத்தில் நீ வீட்டுப்பாடம் எழுதிய மூலையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். போனில் இதைச் சொல்ல முடியாது. நீ ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, கொஞ்ச நேரத்திலேயே இருவரும் ‘ஓகே, ஓகே’ என்று வந்து நின்றுவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீ அழுதுகொண்டே கற்ற எழுத்து இது. கோயமுத்தூரில் பஸ் போர்டுகளைத் தடங்கலில்லாமல் படிக்கிறேன் என்று போன மாதம் சொன்னாய். அந்தத் தைரியத்தில் நீளமாக எழுதுகிறேன், மெதுவாகப் படி. இதை நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உன் வயதுப் பிள்ளைகள் இங்கே பல வீடுகளில் இருக்கிறார்கள். ஆகவே உனக்குத் தெரிந்த சிலவற்றையும் அவர்களுக்காகச் சொல்லிக்கொண்டு போவேன், பொறுத்துக்கொள்.

நீ நான்கு வயதில் என் இடுப்பில் உட்கார்ந்து நியூஜெர்சியில் வந்து இறங்கியவன். அப்பாவுக்கு வேலை விசா. அதில் ஒட்டிக்கொண்டு வந்த விசா உனக்கும் எனக்கும். சில வருடத்தில் இந்த டல்லஸ் பக்கம் குடிவந்தோம். கிரீன் கார்டுக்கான வரிசையில் நின்றோம். இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை நகர்வதே தெரியாது. பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆனதும் அவன் பெயர் பெற்றோரின் வரிசையிலிருந்து கழன்றுவிடும். உன் பெயர் கழன்றது. பிறகு மாணவர் விசா வாங்கினாய். படிப்பு முடிந்ததும் வேலை செய்ய சில வருட அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் வந்தால் இருக்கலாம், வராவிட்டால் கிளம்ப வேண்டும். வேகன் நம் வீட்டுக்கு வந்தது அந்த அவகாசத்தின் தொடக்கத்தில். நீ முதல் சம்பளம் வாங்கியிருந்தாய். எப்படியும் குலுக்கலில் பெயர் வந்துவிடும் என்று மூவரும் நம்பினோம்.

அப்பா உனக்கு ஏதாவது ஒரு ஜப்பான் கார் புதிதாக வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டார். நீ போனில் ஒரு படத்தைக் காட்டினாய். ஜெர்மனியில் செய்தது, நீளமானது, சாம்பல் நிறம், பழையது. உணவு மேசையில் நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“அப்பா, இது மேனுவல், டர்போ இருக்கு. பின் சீட்ட மடக்கினா அரிசி மூட்டையா அடுக்கலாம்.”

“அதெல்லாஞ் செரி. பாக்கறதுக்கு அமரர் ஊர்தியாட்ட இருக்குதேடா. இதுல ஏறுனா எனக்கு மாலையப் போட்டு உட்டுருவாங்க.”

“அப்பா, திஸ் இஸ் எ ஸ்லீப்பர்.”

“அதையேதாண்டா நானும் சொல்றன். உள்ள படுத்தவன் எந்திரிக்கமாட்டான்.”

வெளியே சாதுவாகத் தெரிந்து உள்ளே வேகத்தை வைத்திருக்கும் வண்டிக்கு அப்படி ஒரு பெயராம். நீ சிரிக்காமல் அதை விளக்கினாய். நான் மறுநாளே இந்த நூலகத்துக்கு வந்து டர்போ என்றால் என்ன என்று படித்தேன். வீணாகப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, அதிகக் காற்றை இன்ஜினுக்குள் தள்ளுவது. படித்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு, வேலைக்குப் போகக் கூடாத விசாவில் இத்தனை வருடம் வீட்டில் இருந்தவளுக்கு, படிக்க ஒன்று கிடைத்தால் எவ்வளவு சந்தோஷம் என்பது உனக்குத் தெரியாது. அப்பாவிடம் உனக்காகப் பரிந்து பேசியது நான்தான்.

பிளேனோவில் அந்த வண்டியை வைத்திருந்தவர் தமிழர் என்பது அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. அவருக்குச் சொந்த ஊர் பவானி. நமக்குக் கோபி என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “கோபிங்களா! கோபில எங்கங்க?” என்றார். அப்பா “கச்சேரிமேட்டுப் பக்கமுங்க” என்றார். “அட, எங்க சின்னக்கா வீடு அங்கதானுங்க!” அந்த நிமிடத்திலிருந்து அது கார் வியாபாரமாக இல்லை, பெண் பார்க்க வந்த வீடு போல ஆகிவிட்டது. உள்ளே தோசைக்கல் சத்தம் கேட்டது. நீ வரும்போதே ஒரு மெக்கானிக்குக்குச் சொல்லி வைத்திருந்தாய். பழைய வண்டி வாங்கும் யாரும் செய்கிற காரியம். நாம் அழைத்தால் அவர் அந்த வீட்டுக்கே வந்து வண்டியைச் சோதித்துச் சொல்லியிருப்பார். நீ இரண்டாவது தோசையின்போது வாயைத் திறந்தாய்.

“அங்கிள், ஒரு மெக்கானிக் வந்து ஒருவாட்டி பாத்துட்டா…”

“டேய், சும்மாரு. தோசையச் சாப்புடு” என்றார் அப்பா. நான் நீ கேட்காமலே உன் தட்டில் சட்னியை ஊற்றினேன்.

“இல்லீங்க, தம்பி ஆசப்பட்டா தாராளமா கூட்டிட்டு வரட்டும்” என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“ஐயோ, அதெல்லாம் வேண்டாமுங்க. நம்மூர்க்காரரு நீங்க. நீங்க சொன்னாச் செரிங்க.”

நாம் பேரம் பேசாமலே அவர் விலையைக் குறைத்துச் சொன்னார். “நம்ம பையனுக்குத்தானுங்களே” என்றார். திரும்பி வரும்போது காரில் அப்பா பாட்டு முணுமுணுத்தார். ஊர்ப் பாசம் என்று பேசிக்கொண்டே வந்தோம். ஒன்றை மட்டும் நான் கவனித்து, சரியாகப் புரிந்துகொள்ளாமல் விட்டேன். நாம் சாவியை வாங்கும்போது, உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி, அந்த அக்கா, வெளியே வந்து வேகனின் பின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார். பழகிய பொருளின் மேல் யாருக்கும் இருக்கும் ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நீ அந்த வண்டியை மாற்ற ஆரம்பித்தாய். முதல் குலுக்கலில் உன் பெயர் வரவில்லை. மார்ச் கடைசியில் அது தெரிந்தது. அடுத்த வாரம் வாசலில் ஒரு நீளமான பெட்டி வந்து இறங்கியது. வண்டியைத் தரையோடு தாழ்த்தும் ஸ்பிரிங்குகள். அப்பாவும் நீயும் கராஜில் இரண்டு வார இறுதிகள் படுத்துக் கிடந்தீர்கள். அதன்பின் கோயிலின் வேகத்தடையில் வண்டியின் மூக்கு உரச, குருக்கள் வெளியே வந்து, “என்னடாப்பா, வண்டி சாஷ்டாங்கமா நமஸ்காரம் பண்றது?” என்றார். இரண்டாவது வருடமும் பெயர் வரவில்லை. புகைக் குழாய் வந்தது. “பால் வாங்கப் போறதுக்கு இத்தன சத்தமாடா?” என்று அப்பா கேட்டுக்கொண்டே, பால் வாங்க அதையே எடுத்துக்கொண்டு போனார். மூன்றாவது முறையும் வரவில்லை. அப்போது பெரிய டர்போ ஒன்று வந்தது, அதோடு இன்ஜினின் கணினியில் இருக்கும் கணக்கையெல்லாம் மாற்றி எழுதினாய். பெட்டிகளுக்கும் குலுக்கலுக்கும் உள்ள தொடர்பை நான் இரண்டாவது வருடமே கண்டுகொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. கராஜ் கதவு வழியாக உங்கள் இருவரையும் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. விசாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டீர்கள். “பத்து எம்எம் ஸ்பேனர் எங்கடா?” “உங்க பாக்கெட்லதாம்பா.” இவ்வளவுதான் பேச்சு. வாழ்க்கையில் வேறு எதையும் உன்னால் திருகி நேராக்க முடியாத நாட்களில் அந்த வண்டி ஒன்றுதான் உன் கைக்கு அடங்கியது என்று நினைக்கிறேன்.

நீ கிளம்ப வேண்டிய மாதத்தில் ஹைவேயில் வண்டி வெள்ளையாகப் புகைத்தது. இழுத்துக்கொண்டு வந்து கராஜில் விட்டார்கள். நீ எண்ணெய்க் குச்சியை உருவிக் காட்டினாய். பால் கலந்த டிகாஷன் நிறத்தில் இருந்தது எண்ணெய். குளிர்விக்கும் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது, இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்றாய். திறந்து பார்க்க உனக்கு நேரம் இருக்கவில்லை. பெட்டி கட்ட வேண்டியிருந்தது. வண்டியை நான்கு ஸ்டாண்டுகள் மேல் ஏற்றி நிறுத்திவிட்டுக் கிளம்பினாய். விமான நிலையத்தில், பாதுகாப்பு வரிசைக்குள் போவதற்கு முன் திரும்பி, “அம்மா, டோன்ட் செல் இட், ஓகே? நான் வந்து முடிக்கிறேன்” என்றாய். “சரி சாமி” என்றேன். எதை வைத்து ‘சரி’ என்றேன் என்று இன்றும் தெரியவில்லை. நீ எந்த விசாவில் வருவாய்? உனக்கென்று நிற்க ஒரு வரிசைகூட இல்லை. எனக்கு அது அப்போதே தெரியும்.

உனக்குத் தெரியாத பகுதி இனிமேல்தான். நீ போன பின் வந்த செப்டம்பரில் நான் கம்யூனிட்டி காலேஜில் கார் பழுதுபார்க்கும் வகுப்பில் சேர்ந்தேன். என் விசாவில் வேலை செய்யத்தான் கூடாது, படிக்கலாம். மாலை வகுப்பு என்று மட்டும் உன்னிடம் சொன்னேன், நீ யோகா என்று நினைத்துக்கொண்டாய். வகுப்பில் எல்லோரும் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். நான் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி கோடு போட்ட நோட்டும், மூன்று நிறப் பேனாவும், ஸ்கேலுமாக முன் வரிசையில் உட்கார்ந்தேன். ஆசிரியை ஒரு போல்ட்டைக் காட்டினால் நான் அதை வரைந்து பாகம் குறித்துக்கொள்வேன். துருப்பிடித்த ஒரு இணைப்பைக் கழற்ற வேண்டிய நாளில் எனக்குப் பக்கத்தில் நின்ற பையன், “மேம், டோன்ட் ரைட் இட் டவுன். ஜஸ்ட் ஹிட் இட்” என்று சுத்தியலைக் கையில் கொடுத்தான். அடித்தேன், கழன்றது. வாழ்க்கையில் அவ்வளவு சிரித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. வீட்டில் உன் அப்பா, “ஏம்மா மெக்கானிக்கு, இன்னிக்குக் கொழம்புல என்ன ஆயில் ஊத்திருக்கறே?” என்பார். அப்படிச் சொன்னவர்தான் அடுத்த கோடையில், முதுகு வலியோடு, என்னோடு சேர்ந்து உன் இன்ஜினின் மேல்பாகத்தைத் தூக்கி வெளியே வைத்தார்.

அதைத் தூக்கியதும் ஒன்று தெரிந்தது. அந்த உலோகப் பரப்பை யாரோ ஏற்கெனவே ஒருமுறை இழைத்து மட்டமாக்கியிருந்தார்கள். போல்ட்டுகளும் கம்பெனி போல்ட்டுகள் இல்லை. ஆசிரியையிடம் படத்தைக் காட்டினேன். இந்த இன்ஜின் உங்களிடம் வருவதற்கு முன்பே ஒருமுறை இதே மாதிரி போயிருக்கிறது, சரிசெய்து விற்றிருக்கிறார்கள் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊர்க்காரர் என்று நம்பினோமே என்று அப்பாவிடம் கத்தினேன். மறுநாள் காலை ஒரு டப்பாவில் எள்ளுருண்டை எடுத்துக்கொண்டு பிளேனோவுக்குப் போனேன். சண்டை போடப் போகும்போதும் வெறுங்கையோடு போக எனக்குத் தெரியவில்லை. அவர் வேலைக்குப் போயிருந்தார். அக்கா மட்டும் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். பிறகு சொன்னார்:

“ஆமாங்க. அந்த வண்டி எம்பையனோடதுங்க. அவனும் உங்க தம்பியாட்டத்தான், அதையும் இதையும் மாட்டி ஓட்டுவான். அவனுக்கும் இருவத்தியொண்ணு தாண்டிப் போச்சுங்க. இப்பக் கனடாவுல இருக்கறான். அவன் போனப்பறம் அந்த வண்டி வாசல்ல நிக்கறதப் பாக்க முடியலீங்க. அவங்கப்பா ஆள வெச்சு இன்ஜினைத் தெறந்து சரி பண்ணி, மாட்டுனதெல்லாம் கழட்டிப் பழையபடி ஆக்கி, வந்த வெலைக்குக் குடுத்துட்டாருங்க.”

“எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க்கா?”

“கேட்டா சொல்லலாம்னுதான் இருந்தாருங்க. உங்க பையன் ஒருத்தன்தான் கேக்க வந்தான். அவன நீங்க ரண்டு பேரும் பேச உடுலீங்களே. வண்டி யாரோடது, யாரு ஓட்டுனதுன்னுகூட நீங்க கேக்கலீங்க. கேப்பீங்க கேப்பீங்கன்னுதான் நானும் தோசைய ஊத்திக்கிட்டே இருந்தன்.”

எள்ளுருண்டை டப்பாவைத் திறந்து இருவரும் ஆளுக்கொன்று தின்றோம். கண்ணு, அறிவுரை என்று ஏதாவது சொல்லாமல் தாய் கடிதம் எழுத முடியாது, ஆகவே இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க்காரர், நம் ஜனம், நம் சொந்தம் என்று தெரிந்த பிறகும் கேட்க வேண்டியதைக் கேள். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நாங்கள் உனக்கு வளர்த்துவிட்ட எண்ணம் தவறு. அன்று உன்னைப் பேச விட்டிருந்தால் நமக்கு அந்த இன்ஜினின் கதை தெரிந்திருக்கும். அதைவிட முக்கியமாக, இங்கேயே வளர்ந்த ஒரு பையனுக்கு எப்படிக் கிளம்ப நேர்ந்தது என்பது, உனக்கு இன்னும் சில வருடங்கள் கையில் இருந்தபோதே ஒருவர் வாயால் நம் காதில் விழுந்திருக்கும். அதைக் கேட்டிருந்தாலும் நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். உண்மை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேனே.

இன்ஜினை நாங்கள் மூடினோம். மறுபடி இழைத்து வாங்கிய அந்த மேல்பாகத்தை வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். நான் புத்தகத்தைப் பார்த்து வரிசையைச் சொல்ல, அப்பா முறுக்கினார். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். யோகா இல்லை என்பது அப்போதுதான் உனக்குத் தெரிந்தது. நீ இதயம் போட்டு அனுப்புவாய். அதைப் பார்த்து எனக்கு இன்னும் வேகம் வரும். வண்டியைச் சரிசெய்தால் நீ வந்துவிடுவாய் என்று நான் நம்பவில்லை. படித்தவள், அப்படி நம்ப மாட்டேன். ஆனால் சரிசெய்யாமல் விட்டால் நீ வர மாட்டாய் என்று ஒரு நினைப்பு இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது.

அது கிளம்பிய நாள் உனக்கு நினைவிருக்கும். எங்களுக்குக் காலை, உனக்கு மாலை. வீடியோவில் உன்னைக் கூப்பிட்டு, போனை இன்ஜின் பக்கம் வைத்துக்கொண்டேன். அப்பா சாவியைத் திருப்பினார். முதலில் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. தெருவே கேட்கும்படி அந்தக் குழாய் உறுமியது. அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டினார். நான் போனைத் திருப்பிப் பார்த்தபோது நீ திரையில் இல்லை, உன் அறையின் சுவர்தான் தெரிந்தது. கொஞ்சம் கழித்து வந்து, “சூப்பர்மா. ரியலி சூப்பர்” என்றாய். உன் பின்னால் தரையில் மெத்தை கிடந்தது. அதன் பக்கத்தில் நீ இங்கிருந்து கொண்டுபோன பெட்டி, திறந்தபடி, துணிகள் மடித்தது மடித்தபடி. போய் இவ்வளவு நாளாகியும் நீ அதைக் காலி செய்யவில்லை.

மறுநாள் உன் செய்தி வந்தது: செல் இட் அம்மா, ப்ளீஸ். நான் உடனே கூப்பிட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அம்மா, நீ ஒவ்வொருவாட்டி இன்ஜின் போட்டோ அனுப்பறப்பவும் எனக்கு இங்க ஒரு வாரம் வேல ஓடாது. ஐ கீப் திங்கிங், ஐ’ம் கோயிங் ஹோம். இங்க ஒரு கட்டில்கூட வாங்கல நான். எதுக்கு வாங்கணும், போய்டுவோமேன்னு. நான் போமாட்டேன்மா. யூ நோ தட். அந்த வண்டி அங்க ஓடுச்சுன்னா நான் இங்க இருக்கவே முடியாது.” உன் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்திருக்கும். நீ நிதானமாக, என்னைவிடப் பெரியவன் போலப் பேசினாய். நான் ஆசையாகச் செய்த ஒவ்வொரு வேலையும் உன்னை அங்கே தரையில் படுக்க வைத்திருந்திருக்கிறது.

விற்பதென்றால் புகைப் பரிசோதனை தேற வேண்டும், அதற்கு நீ மாட்டியதையெல்லாம் கழற்ற வேண்டும். அப்பா பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கினார். பழைய பாகங்களை ஒன்றுவிடாமல் நீ துணி சுற்றி வைத்திருந்தாய். மூன்றாம் வருடத்து டர்போவை முதலில் கழற்றினோம், பிறகு இரண்டாம் வருடத்துக் குழாய், கடைசியாக முதல் வருடத்து ஸ்பிரிங்குகள். வண்டி மெல்ல உயர்ந்து, நாம் பிளேனோவில் பார்த்த அன்று நின்ற மாதிரி நின்றது. பவானிக்காரர் இதே வேலையைச் செய்யும்போது எப்படி இருந்திருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. அவர்மேல் இருந்த மிச்சக் கோபமும் போயிற்று. கழற்றிய பாகங்களை என் வகுப்புப் பையன்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த நர்ஸிடம் எதையும் மறைக்கவில்லை. இரண்டு முறை திறந்த இன்ஜின் என்று சொன்னேன். அவள் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து மணிக்கணக்கில் சோதித்தாள். எங்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வேலை சுத்தமாக இருக்கிறது, யார் செய்தது என்று அந்த மெக்கானிக் கேட்டார். நான்தான் என்றேன். இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா கூப்பிட்டார். நூலகத்துக்கு வெளியே வந்து பேசினேன்.

“ஏம்மா, அந்தப் பொண்ணுகிட்ட வேண்டாம்னு சொல்லீரலாமா?”

“ஏனுங்க?”

“இல்ல, சும்மா கேட்டன். ஓரமா நின்னுட்டுப் போகுது. அவனுக்குத் தெரியவே வேண்டாம். வித்துட்டம்னு சொல்லிக்கலாம்.”

“அமரர் ஊர்தின்னு சொன்னீங்க?”

“அது… அப்பச் சொன்னது.” பிறகு, “நீ வா. சோறு ஆறுது” என்று வைத்துவிட்டார்.

அவருக்கு உடன்பட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. உனக்குத் தெரியாமல் அது இங்கே நின்றால் உனக்கென்ன நஷ்டம் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு எனக்கே பதில் தெரிந்துவிட்டது. அது நின்றால் நான் அதைக் கிளப்பிப் பார்ப்பேன். கிளப்பினால் உனக்குச் சொல்லாமல் இருக்க மாட்டேன். நீ கட்டில் வாங்க மாட்டாய்.

ஆகவே இதைச் சொல்கிறேன், வீட்டுக்குப் போகுமுன். கட்டில் வாங்கு. அலமாரி வாங்கு. பெட்டியைக் காலி செய்து அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடு. இருபது வருடம் நாங்கள் இங்கே, நாளைக்குத் தெரியும், அடுத்த மாதம் தெரியும் என்று சுவரில் ஆணி அடிக்கவே யோசித்தோம். அந்தப் பழக்கம் உனக்கும் வந்திருக்கிறது. எங்கள் வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் வந்து உன்னைப் பார்ப்பதும் எளிதில்லை. வந்தால் இங்கே திரும்ப நுழைவதற்கான விசா முத்திரைக்கு எத்தனை மாதம் என்று சொல்ல ஆளில்லை, அதுவரை அப்பாவின் வேலை காத்திருக்காது. பண்டிகைக்கு வருகிறோம், கோடைக்கு வருகிறோம் என்று இனி சொல்ல மாட்டேன். நீயும் கேட்காதே. எல்லாம் நன்றாகிவிடும் என்று ஒரு வரி எழுதத் தேடினேன். கிடைக்கவில்லை.

மிச்சத்தை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அவள் சொன்ன நேரத்துக்கு வந்தாள், ஆஸ்பத்திரி உடுப்போடு. கூட்டி வந்திருந்த தன் இரண்டு நாய்களைப் பின்னால் ஏற்றிப் பார்த்தாள், தாராளமாக இடம் இருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தார். கொடுத்தபின், “செகண்ட் கியர், கோல்ட் மார்னிங், லிட்டில் ஸ்லோ. டோன்ட் ஃபோர்ஸ்” என்று கையால் காட்டினார். “யூ லவ் திஸ் கார், சார்” என்றாள் அவள். “நோ, நோ. மை சன்’ஸ் கார்” என்றார். உங்கள் மகன் எங்கே என்று கேட்டாள். “கோயமுத்தூர்” என்றார் அப்பா, டல்லஸுக்கு அடுத்த ஊர் போல. தூரமா என்று கேட்டாள். “யெஸ்” என்றார்.

வண்டி சத்தமே இல்லாமல் போயிற்று. பழைய கம்பெனிக் குழாய் அல்லவா. இருவரும் கராஜில் நின்றோம். தரையில் நான்கு ஸ்டாண்டுகளின் தடம் மட்டும் இருந்தது. அப்பா துடைப்பத்தை எடுத்து ஒருமுறை கூட்டினார். பிறகு, “நம்ம வண்டிய உள்ள உட்டுரு. கல்லுமழை வரும்னு சொல்றாங்க” என்றார். இத்தனை வருடமும் வெளியே நின்ற எங்கள் வண்டியை நான் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினேன். நீ கருவிகளை மாட்ட அடித்த ஆணிகள் அதன் வெளிச்சத்தில் சுவரில் தெரிந்தன. இறங்கினேன். அப்பா பெரிய கதவை இறக்கினார். பிறகு வண்டியின் விளக்கையும் கராஜின் விளக்குகளையும் அணைத்துவிட்டு உள்ளே வந்தோம்.